பன்னிரண்டாம் எண் அறையின் வாக்கு

ஆயிரத்து எண்ணூறாம் ஆண்டில் நடந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒரே கட்சிக்காரர்கள் இருவர் தலா எழுபத்து மூன்று வாக்கு வாங்கிச் சமமாக நின்றார்கள். அதன் விளைவாக நூற்று எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, குவைத்தில் ஃபர்வானியாவை ஒட்டிய ஒரு கம்பெனி கேம்ப்பில், ஒரு சமையல்காரர் பெட்டியைக் கட்ட வேண்டிய நிலை வந்தது. இரண்டையும் இணைத்து வைத்தவன் நான்.

அந்தக் கம்பெனியில் நான் கேம்ப் கிளார்க். அதற்கு முன் சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். அங்கே விதிப் புத்தகங்கள் உண்டு. ஒரு விதி திருத்தப்பட்டால் திருத்தச் சீட்டு அச்சாகி வரும். அதைக் கத்தரித்து, பசை தடவி, பழைய வரியின் மேலேயே ஒட்ட வேண்டும். என் முதல் மூன்று வருட உத்தியோகம் பெரும்பாலும் பசையில் கழிந்தது. அதனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் கண்ணில் படும் வரிதான் நடப்பில் உள்ள வரி என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பழைய வரி வெளியே தெரிந்தால் எவனோ வேலை செய்யவில்லை என்று பொருள்.

கேம்ப்பில் தமிழர்கள் எழுபத்து நான்கு பேர். வெல்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள், கொத்தனார்கள், டிரைவர்கள், அலுவலகத்தில் ஓரிருவர். எங்களுக்கென்று தனி மெஸ், அதற்கு ஒரு தலைவர். தலைவர் என் அறைத் தோழர், டைம்கீப்பர், சென்னைக்காரர். அவர் எப்படித் தலைவர் ஆனார் என்பதற்குக் காகிதம் எதுவும் இல்லை. கம்பெனியின் பெர்சனல் மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் எழுதிய விதி வேண்டும், அந்த விதிப்படி வருடா வருடம் தேர்ந்தெடுத்த தலைவர் வேண்டும், அவர் கையெழுத்தைத்தான் ஏற்பேன் என்றார். எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அது எழுபத்தாறாம் ஆண்டு. அமெரிக்கா பிறந்து இருநூறு வருடம் என்று எங்கள் சைட்டின் ஆலோசனை இன்ஜினியர், ஓர் அமெரிக்கர், எல்லோருக்கும் ஒரு சிறு புத்தகம் கொடுத்திருந்தார். அவர்களுடைய அரசியலமைப்பு முழுவதும் அதில் இருந்தது. சட்டைப் பையில் அடங்கியது. நம்முடையதைத் தூக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டும். மதிய இடைவேளையில் அதைப் புரட்டியபோது தேர்தல் முறை கண்ணில் பட்டது. வாக்களிப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு பெயர் எழுத வேண்டும். அதிக வாக்கு பெற்றவர் தலைவர். அடுத்தவர் துணைத் தலைவர். முதல் இருவர் சமமாக வந்தால் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. மொத்த மாநிலங்களில் பாதிக்கு மேல் பெறுகிறவர் ஜெயிப்பார். ஒரே தேர்தலில் இரண்டு பதவியும் முடிந்துவிடுகிறதே என்று எனக்கு அதில் ஓர் அழகு தெரிந்தது. மாநிலம் என்று இருந்த இடங்களில் அறை என்று போட்டுத் தமிழில் எழுதினேன். பொதுக்கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறியது. படித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் ஏகமனது சுலபமாக வந்தது.

சமையல்காரருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புதுக்கோட்டைப் பக்கம். நான்கு வருடமாக எங்களுக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இக்காமா, அதாவது அந்த நாட்டில் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 'இவர் எங்களுக்குத் தேவை' என்று மெஸ் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால்தான் கம்பெனி அதைப் புதுப்பிக்கும். நான்கு வருடமும் சிக்கலில்லாமல் நடந்தது. தேர்தலுக்கு முந்தைய கோடையில் அவருடைய தாலுகாவிலிருந்தே ஒரு புது வெல்டர் வந்து சேர்ந்தார். வந்த இரண்டு மாதத்தில் அறை அறையாக ஒரு செய்தி பரவியது. சமையல்காரர் பிறந்த தெருவில் இருப்பவர்கள் கைபட்ட தண்ணீரை ஊரில் யாரும் தொட மாட்டார்களாம். கல்யாண வீட்டில் கரண்டி பிடிப்பதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாதாம். அதற்கடுத்த மாதம் மெஸ்ஸில் 'சுத்தம்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. சுத்தக் குறைவு பற்றிப் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்ட ஒரு மனு எனக்கு வந்தது. எந்தத் தேதியில், எந்தப் பாத்திரத்தில், என்ன அழுக்கு என்பது அதில் இல்லை. 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன்.

ஆக, தேர்தலில் இரண்டு பக்கம். அடுக்களையை மூடிவிட்டு வெளியே கேட்டரிங்காரனிடமிருந்து சாப்பாடு தருவிப்பது டைம்கீப்பர் பக்கம். சமையல்காரரை வைத்துக்கொள்வது நாகர்கோவில்காரரான எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் பக்கம். ஃபோர்மேனுக்குத் துணைத் தலைவராக மதுரைக்காரரான ஸ்டோர்கீப்பர் நின்றார். நான் டைம்கீப்பருக்குத்தான் வாக்களித்தேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நிர்வாக வசதி என்று சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை எண்ணினோம். ஃபோர்மேன் நாற்பத்தொன்று. ஸ்டோர்கீப்பர் நாற்பத்தொன்று. டைம்கீப்பர் முப்பத்து மூன்று. அவருடைய துணை முப்பத்திரண்டு. எனக்கு ஒன்று.

"சாரே, நாங்கல்லா ஜெயிச்சோம்? பின்ன யாரு தலைவரு?" என்றார் ஃபோர்மேன்.

"ரெண்டு பேருமே இல்லை. சமம்."

"எளவு, எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் ரெண்டு பேரையும் எழுதியிருக்கானுவ. ஒருத்தன் மட்டும் இவரு பேர விட்டிருந்தா நான் ஒரு வோட்டுல முந்தியிருப்பேன்."

"யாராவது விடுவான்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிருப்பான்."

தோற்ற பக்கம் அதைச் சரியாகச் செய்திருந்தது. டைம்கீப்பர் தன் ஆள் ஒருவரிடம், துணையின் பெயரை விட்டு வேறு யாரையாவது எழுது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பொது வாழ்வில் எனக்கு விழுந்த ஒரே வாக்கு அதுதான்.

ஸ்டோர்கீப்பர் மட்டும் சாந்தமாக இருந்தார். "அண்ணே, ரூல்ல என்ன இருக்கோ அதுபடி செய்யுங்கண்ணே. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் குறுக்கே நிற்கவில்லை. விலகிக்கொள்ளவும் இல்லை. அன்று மாலை டைம்கீப்பர் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டதைப் பார்த்தேன். திரும்பி வந்த டைம்கீப்பர் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றியபடி சொன்னார்:

"ஜெயிச்சவன்கிட்ட தலைவர் இல்ல. தோத்தவன் கையில சாவி. இன்னா ரூல்யா எழுதியிருக்க நீ! ஸ்டோர்கீப்பர் கேட்டரிங் பேப்பர்ல கையெழுத்துப் போட்டான்னா நம்ம ரூமெல்லாம் அவனுக்கு."

"ஒத்துக்கிட்டாரா?"

"முடியாதுன்னு சொல்லல."

மறுநாள் அமெரிக்கரிடம் போய், உங்கள் அரசியலமைப்பில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். பன்னிரண்டாவது திருத்தம்: இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு. ஆயிரத்து எண்ணூற்று நான்கிலேயே சரிசெய்துவிட்டார்களாம். பழைய வரியை ஏன் அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விட்டுவைப்பதுதான் எங்கள் வழக்கம், திருத்தங்களைப் பின்னால் சேர்ப்போம் என்றார். மேலே ஒட்ட மாட்டீர்களா? எதை, என்றார். நான் விளக்கவில்லை. அந்தச் சமநிலைத் தேர்தல் பற்றி அவருக்கு அதிகம் தெரியவில்லை. சமமாக வந்த இருவரில் இரண்டாமவர் துணை ஜனாதிபதியாக இருக்கும்போதே ஒருவரைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார் என்பதுதான் பள்ளியில் படித்த ஞாபகமாம். இதை ஸ்டோர்கீப்பரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அமெரிக்கர் வீட்டிலிருந்து தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார்.

அதன்பின் பத்து நாட்கள் நான் இரண்டு தேர்தலில் வாழ்ந்தேன். அங்கே பதினாறு மாநிலம், ஒன்பது தேவை. எட்டு ஒருவருக்கு, ஆறு மற்றவருக்கு, இரண்டு மாநிலம் தமக்குள்ளேயே பிளந்து நின்றன. முப்பத்தைந்து முறை வாக்கெடுத்தும் அந்த எட்டு எட்டாகவே நின்றது. காய்ச்சலில் கிடந்த ஓர் உறுப்பினரைப் பனியில் தூக்கி வந்து பக்கத்து அறையில் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் அவர் கையில் சீட்டைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர் எழுந்து போயிருந்தால் அவருடைய மாநிலம் மற்றவர் பக்கம் சாய்ந்திருக்கும். முதல் எண்ணிக்கையின்போது ஒரு மாநிலத்தின் காகிதம் உரிய வடிவில் இல்லை. உறைகளைப் பிரித்தவர் அப்போதைய துணை ஜனாதிபதி, அவரே வேட்பாளர், அந்தக் காகிதம் அவருக்குச் சாதகம். எண்ணிக்கொண்டு அடுத்த உறைக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். என் பதினோரு வருடப் பணியில் அதைவிடச் சுத்தமான கோப்பு நகர்வைப் பார்த்ததில்லை.

இங்கே பன்னிரண்டு அறை. பன்னிரண்டில் பாதிக்கு மேல் என்றால் ஏழு. ஃபோர்மேனுக்கு ஆறு. ஸ்டோர்கீப்பருக்கு டைம்கீப்பர் ஆட்களின் அறைகள் நான்கு. என் அறையும் அதில் ஒன்று. ஓர் அறையில் நான்குக்கு நான்கு. டூட்டி முடிந்து மெஸ் ஹாலில் கூடி வாக்கெடுப்போம். ஆறு, நான்கு, பிளவு ஒன்று. மறுபடி எடுப்போம். ஆறு, நான்கு, பிளவு ஒன்று. ஒன்பது முறை எடுத்தாயிற்று. பழைய தலைவரே இக்காமா கடிதத்தில் கையெழுத்திடட்டும் என்று ஃபோர்மேன் கேட்டார். எண்ணிக்கை நடந்த அன்றோடு தன் காலம் முடிந்தது என்றார் டைம்கீப்பர். விதிப்படி அவர் சொன்னது சரி. அந்த வரியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

இக்காமா முடிய ஏழு நாள் இருந்தபோது சமையல்காரர் என் மேசைக்கு வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சார், ஒரு வெவரம் கேக்கணும். மாசக் கடைசிக்கு உளுந்து மூட்டை சொல்லவா, வேணாமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நான் இல்லேன்னா ஊறப் போட ஆள் இல்ல. மூட்டை வீணாப் போயிரும்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

"ஊர்ல போயி என்னத்தப் பண்ணுவேன்னு கேட்டாக ஃபோர்மேன் அண்ணன். சமையலத் தவிர எதுவும் பண்ணுவேன் சார். அத மட்டுந்தான் அங்க பண்ண விட மாட்டாக."

அவர் போன பிறகு சரித்திரப் புத்தகத்தை எடுத்தேன். வேலையைத் தள்ளிப்போட நல்ல வழி. அதில் ஒரு கணக்கு இருந்தது. தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு வாக்கு கிடையாது. ஆனால் ஒரு மாநிலத்துக்கு எத்தனை வாக்கு என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் ஜெயித்தவர் ஜெயித்திருக்க மாட்டார் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். எண்ணிக்கையில் உண்டு, வாக்கில் இல்லை. வேடிக்கையான நாடு என்று நினைத்துக்கொண்டு என் கோப்பைத் திறந்தேன். அறைப் பட்டியல் முதல் தாளாக இருந்தது. பன்னிரண்டு எண். வாக்களித்த அறைகளை விரல் விட்டு எண்ணினேன். ஆறும் நாலும் ஒன்றும் பதினொன்று.

பன்னிரண்டாவது, அடுக்களையை ஒட்டிய அறை. சமையல்காரர் தூங்கும் அறை.

ஒன்பது முறை எண்ணியும் இதை நான் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. பதினொன்றில் பாதிக்கு மேல் என்றால் ஆறு. ஃபோர்மேன் முதல் முறையே ஜெயித்திருப்பார். பன்னிரண்டு என்பதால்தான் ஏழு தேவைப்பட்டது. சமையல்காரரைக் காப்பாற்ற நின்றவரைத் தடுத்துக்கொண்டிருந்தது சமையல்காரரின் கதவு எண்.

அன்று மாலை கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஃபோர்மேன் துள்ளி எழுந்தார்.

"அது ஒரு ரூமா சாரே? அடுக்களைல ஒரு மூலை. வெட்டித் தள்ளும்! ஆறு போதும்லா?"

டைம்கீப்பர் அசையவில்லை. "கதவுல நம்பர் இருக்கு. கம்பெனி ஹவுசிங் லிஸ்ட்ல பன்னெண்டு ரூம்னு இருக்கு. அதுல கையெழுத்துப் போட்டது யாரு? நீதானய்யா? அது ரூமா இல்லையா, சொல்லு."

வெட்டித் தள்ளினால் அவர் அந்தப் பட்டியலோடு பெர்சனல் மேனேஜரிடம் போவார். தேர்தல் செல்லாமல் போகும். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. சமையல்காரரை ஊரில் ஒருமுறை வெட்டித் தள்ளியாயிற்று. மனுவில் ஒருமுறை வெட்டித் தள்ளியாயிற்று. அவர் நன்மைக்காகவே மூன்றாம் முறையும் செய்ய எனக்குக் கை வரவில்லை.

"ரூம்தான்" என்றேன்.

டைம்கீப்பர் சிரித்தார். "அப்போ ஏழு வேணும். கலாஸ், முடிஞ்சுது."

"ரூம்னா அதுக்கு ஒரு வோட்டு உண்டு."

அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் மெம்பரே இல்லையேய்யா!" என்றார் டைம்கீப்பர்.

"மெம்பர்னு ரெண்டாவது பத்தியில இருக்கு. மூணாவது பத்தியில ரூமுக்கு ஒரு வோட்டுன்னு மட்டுந்தான் இருக்கு. படிச்சுப் பாரு."

"நீ யாரு பக்கம்?"

"மூணாவது பத்தி பக்கம்."

ஸ்டோர்கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேனுக்கும் முகம் சற்று மாறியதைக் கவனித்தேன். வெட்டித் தள்ளுவதில் இருந்த உற்சாகம் இதில் அவருக்கு இல்லை. ஆனால் ஆறோடு ஒன்றைக் கூட்டத் தெரியாதவர் இல்லை. "சரி, கூப்பிடும் அவர" என்றார்.

சமையல்காரர் வந்து வாசலிலேயே நின்றார். விவரம் சொன்னேன். சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம் சார். நான் போட்டா அந்த நாலு ரூமுக்கும் நாளைக்கு எப்படிச் சோறு போடுறது? என்னைய எண்ணாம விட்டுருங்க."

"எண்ணியாச்சுங்க. எண்ணினதுதான் பிரச்சினை."

"போட்டுத்தான் ஆகணுமா?"

"போடணும்னு கட்டாயம் இல்லை. போடலாம்."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எழுபத்து நான்கு பேரும் அவர் கையால் அன்று மதியம் சாப்பிட்டவர்கள். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்; மளிகைச் சாமான் குறிக்கிற பென்சில். சீட்டை வாங்கிச் சுவரில் வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினார். வெகுநேரம் ஆயிற்று. ரகசிய வாக்கு என்று என் விதியில் இருந்தது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார். எடுத்துப் பிரித்தபோது அதில் மஞ்சள் விரல் ரேகை இருந்தது. பத்தாவது முறை: ஏழு, நான்கு, பிளவு ஒன்று.

கடிதத்தை அன்றே தட்டச்சு செய்தேன். ஃபோர்மேன் கையெழுத்திட்டார். இக்காமா முடிய மூன்று நாள் இருக்கையில் முத்திரை விழுந்தது. ஸ்டோர்கீப்பர் துணைத் தலைவரானார். தலைவர் பக்கத்தில் வருடம் முழுவதும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். யாரையும் சுடவில்லை. டைம்கீப்பர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அறையில் இருந்துகொண்டு, 'ஃபேனை நிறுத்தவும்' என்று சீட்டு எழுதி என் தலையணை மேல் வைப்பார். தேதி போடுவார். நானும் தேதி போட்டுப் பதில் வைப்பேன்.

அந்த நான்கு அறைக்காரர்கள் குபூஸ் ரொட்டியும் டின் மீனுமாக எட்டு நாள் தள்ளினார்கள். சமையல்காரர் எழுபத்து நான்கு பேருக்கே பொங்கினார். மிஞ்சுகிறதே என்று கேட்டேன். "யாராச்சும் வந்தா இல்லைங்கப்படாது சார்" என்றார். ஒன்பதாம் நாள் அவருடைய தாலுகா வெல்டர் முதலில் வந்து தட்டோடு உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் அதே அளவு குழம்பை ஊற்றினார். மற்றவர்கள் இரண்டு நாளில் வந்துவிட்டார்கள். டைம்கீப்பர் கடைசி.

இரண்டு மாதம் கழித்து ஃபோர்மேன் பொதுக்கூட்டம் கூட்டினார். விதிகளைத் திருத்த வேண்டும் என்றார். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தனித்தனி வாக்கு என்று நான் திருத்தம் எழுதி வைத்திருந்தேன், நிறைவேறியது. இன்னொரு திருத்தம் ஃபோர்மேனே கொண்டுவந்தார். அறை என்ற சொல்லுக்குப் பன்னிரண்டாம் எண் அறை நீங்கலாக என்று பொருள்.

"அவரு உங்களுக்கு வோட்டுப் போட்டவரு" என்றேன்.

"அவரு நல்லவருதான் சாரே, நான் என்ன இல்லைன்னா சொல்லுதேன்? ஆனா நாளைக்குப் பாத்திரம் கழுவுதவனும் வோட்டு கேப்பான். மெஸ் நடத்த முடியுமா, நீரே சொல்லும்."

டைம்கீப்பர் வழிமொழிந்தார். அந்த வருடம் முழுவதிலும் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கை தூக்கியது அன்றுதான். எனக்கு அதில் வாக்கு இருந்தது. எதிராகத் தூக்கினேன். என்னோடு தூக்கியவர்கள் நான்கு பேர். குறிப்பேட்டில் 'பெரும்பான்மையுடன்' என்று எழுதினேன். ஏகமனதாக என்று எழுதலாமே என்று ஃபோர்மேன் கேட்டதற்கு முடியாது என்றேன்.

மறுநாள் காலை தட்டச்சு செய்த தாளோடு அடுக்களைக்குப் போனேன். யாரோ சொல்லி அவர் காதுக்குப் போவதைவிட நான் சொல்வது முறை. சமையல்காரர் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு முழுவதையும் கேட்டார். தாளை வாங்கி, பன்னிரண்டு என்ற எண் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அடுத்த எலெக்சன் எப்ப சார்?"

சொன்னேன்.

"என் இக்காமா எப்ப முடியுது?"

"அதுக்குப் பதினேழு நாள் கழிச்சு."

"சரி சார்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டு, பென்சிலை எடுத்து, மளிகைப் பட்டியல் தொங்கிய சுவரில் இரண்டு தேதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்.